சொல்லாமல் விட்ட ஒரு 'வாங்க'

என் வீட்டுக்காரர் தையல்காரர். பொய் சொல்லாத தையல்காரர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்பேர்ப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள் நான். அந்தப் பாடு எனக்கல்லவா தெரியும்!

காசில் ராணி தலை போய் ராஜா தலை வந்துகொண்டிருந்த சமயம் அது. ராஜபாளையத்தில் பிறந்த நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கடைவீதியில் ஒரு ராவுத்தர் துணிக்கடை வைத்திருந்தார். அந்தக் கடை வாசலில்தான் என் வீட்டுக்காரரின் தையல் மிஷின். உள்ளே துணி எடுக்கிறவர்கள் வெளியே வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். ராவுத்தருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், அவருடைய தங்கை. மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள்.

நாத்தனார் உள்ள வீடு, பார்த்து நடந்துகொள் என்று என் தாய் வீட்டில் பயங்காட்டித்தான் அனுப்பினார்கள். வந்து பார்த்தால் இவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இடது காது போய்விட்டது. அதனால் எதையும் சத்தமாகத்தான் பேசுவாள். அவள் ரகசியம் சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும். "ஏட்டி, மெதுவாப் பேசுட்டி" என்பேன். "மெதுவாத்தான மதினி பேசுதேன்!" என்று அதைவிடச் சத்தமாகச் சொல்வாள். எங்கள் வீட்டில் ரகசியம் தங்காமல் போனதற்கு அவள்தான் காரணம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அந்த ஊரில் எங்களைப் போல் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர் வீடுகள் கொஞ்சம்தான். காலையில் எழுந்ததும் குடும்ப ஜெபம். தினம் ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும், வரிசை தப்பக் கூடாது, இது என் வீட்டுக்காரரின் சட்டம். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று பேர் பேராக அடுக்கிக்கொண்டே போகுமே, அந்த அதிகாரங்களையும் ஒரு பேர் விடாமல் வாசித்தாக வேண்டும். வாசிப்பது நாத்தனார். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள், குரலும் கணீரென்று இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தெலுங்குக்கார அம்மாள் குடியிருந்தார். "உங்க வேதம் எனக்குப் பாதி மனப்பாடம் ஆயிருச்சும்மா" என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் ஒரு பிரசங்கியார் வந்து சேர்ந்தார். ஊர் ஊராகப் போகிற பெரியவர். எங்கள் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினார். உள்ளதை உள்ளது என்று சொல்லு, இல்லாததை இல்லை என்று சொல்லு, அதற்கு மேல் சொல்வதெல்லாம் தீயவனிடத்திலிருந்து வருகிறது என்று கர்த்தர் மலையில் உட்கார்ந்து சொன்னாரே, அந்த வசனத்தின் மேல் பிரசங்கம். நன்றாகத்தான் பேசினார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். என் வீட்டுக்காரர் மட்டும் அந்த வசனத்தைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் அடி தொழிலில் விழுந்தது. தையல்காரனுக்குத் தாய்ப்பாஷை எது? "நாளைக்கு வாங்க." அளவு எடுத்த துணி மூலையில் வெட்டாமல் கிடந்தாலும், "காஜா போடுறது ஒண்ணுதாம்மா பாக்கி, நாளைக்கு வாங்க" என்று சொன்னால்தான் அவன் தையல்காரன். இவர் என்ன செய்தார் தெரியுமா? ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடப் போகிறது, ஊரே புதுத்துணிக்கு அலைகிறது, கடை வாசலில் கூட்டம் நெரிக்கிறது. இவர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, "தேருக்கு என்னால தச்சுக் குடுக்க முடியாது. தேர் முடிஞ்சு வேணா வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். ராவுத்தர் கல்லாவை விட்டு ஓடி வந்து, "தம்பி, ஒனக்குச் சொகமில்லயா?" என்று கேட்டாராம்.

அந்தத் தடவை பாதிக் கூட்டம் எதிர்க்கடைத் தையல்காரரிடம் போய்விட்டது. அங்கே "நாளைக்கு வாங்க" என்று இனிக்க இனிக்கச் சொன்னார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு ரவிக்கை கிடைத்தது. பொறவு என்ன, மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். இந்த ஆள் கிழமை சொன்னால் அந்தக் கிழமை சட்டை கையில் இருக்கும் என்று ஊரில் பேர் வந்துவிட்டது. ஒரு தடவை துணியை அவரே தப்பாக வெட்டிவிட்டார். துணி கொடுத்தவர் வீட்டுக்கே நடந்து போய், "நான்தான் கோணலா வெட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். வெட்டுப்பட்ட துணிக்காரர் பேசாமல் வேறு துணி எடுத்துக் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த பெருமை இருக்கிறதே, அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

தொழிலோடு நின்றிருந்தால் நானும் அந்தப் பிரசங்கியாரை வாழ்த்தியிருப்பேன். வசனம் அடுப்படிக்குள் வந்தது.

நம் வீடுகளில் பொழுது சாயும் நேரத்தில் ஒரு பண்டத்தை இல்லை என்று சொல்வோமா? உப்பு தீர்ந்துபோனால் "நிறைஞ்சிருக்கு" என்போம். கேட்கிறவர்களுக்கும் விளங்கிவிடும், இல்லை என்ற சொல்லும் வீட்டுக்குள் வராது. தெலுங்குக்கார அம்மாள் ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பு கேட்டு வந்தார். நான் வழக்கம்போல "நிறைஞ்சிருக்கும்மா" என்றேன். உள்ளேயிருந்து இவர் குரல் வருகிறது. "ஏட்டி, நிறைஞ்சிருந்தா எடுத்துக் குடேன்! இல்லன்னா இல்லன்னு சொல்லு!" அந்த அம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கு அடுப்புக்குள் தலையை விட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது. விளக்கைக் குளிர வை என்று சொல்லக் கூடாதாம், விளக்கு குளிராதாம், அணை என்று சொல்ல வேண்டுமாம். அட ஆண்டவரே, இப்படி ஒரு மனுஷனா!

"அடுப்படியில வேலை செஞ்ச அக்காளும் ஆண்டவர் காலடியில உக்காந்து வசனம் கேட்ட தங்கச்சியும் வேதத்துல வாராகள்ல," என்று ஒரு நாள் கேட்டேன். "அந்த அக்கா சோறு பொங்கலன்னா, வந்த எல்லாரும் ராத்திரி என்னத்தத் தின்னுருப்பாக? நீங்க திண்ணையில உக்காந்து வசனம் கேட்டுட்டு இருங்க, எனக்கு அடுப்படியில ஆயிரம் சோலி கிடக்கு." அவர் சிரித்தார். அவர் சிரித்துவிட்டால் எனக்குக் கோபம் நிற்காது, அதுவும் ஒரு கஷ்டம்.

எல்லாவற்றிலும் பெரிய வம்பு வீட்டை விட்டுக் கிளம்பும்போதுதான். "போயிட்டு வாரேன்" என்று சொல்லமாட்டார். "சாயந்தரம் உசுரோட திரும்புவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதத வாரேன்னு எப்படிச் சொல்ல?" என்பார். "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்குவார். காலங்காத்தாலே ஒரு ஆம்பிளை வீட்டு வாசலில் நின்று போறேன் என்றால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று "வாங்க, வாங்க" என்று நானே முணுமுணுத்து முடித்துவைப்பேன். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அவர் முன்பாதியும் நான் பின்பாதியுமாகச் சொல்லி, மனுஷன் தினமும் நல்லபடியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

நாத்தனாருக்குக் கல்யாண வயது வந்து அது தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. அவள் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு தண்ணீருக்கு வந்தார்கள். வந்த இடமெல்லாம் காது என்றதும் நழுவிவிடும். எங்கள் சபையில் மாப்பிள்ளைகள் கொட்டியா கிடக்கிறார்கள்? அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். நான்தான் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக் கவலைப்படுவேன்.

அந்த வருஷம், விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு மகாராஜபுரத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்திருந்தது. ஒரு தாயும் மகனும். மகன் தோளில் ஒரு வாழைத்தாரைச் சுமந்து வந்து கோயிலில் இறக்கிவைத்தான். இறக்கும்போது பக்கத்தில் நின்ற எங்கள் பெண்ணிடம், கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லி ஏதோ கேட்டிருக்கிறான். இவளுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று கோயிலே அதிரக் கேட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கமாக வந்து நின்று, கேட்டதைத் திரும்பக் கேட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "மதினி, யாரும் சொல்லாமலே அவிய இந்தப் பக்கம் வந்து நின்னாக." அவ்வளவுதான் சொன்னாள். அதையும் சத்தமாகத்தான் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்குக்கார அம்மாளுக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

கர்த்தர் காரியத்தைக் கூட்டிவைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளில் உபதேசியார் அந்த வீட்டிலிருந்தே சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார். சபைகளுக்குப் போய்வந்து ஊழியம் செய்கிறவர், கல்யாணப் பேச்சும் அவர் மூலமாகத்தான் நடக்கும். பையனுக்குச் சம்மதம், தாய் வந்து பெண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார். நாத்தனார் அன்றைக்கு அரைத்த மாவையே மறுபடி அரைத்துக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். தாய்க்காரி நெடுநெடுவென்று உயரம், வெள்ளைச் சேலை, வயலில் உழைத்து உரமேறிய கை. விதவை. உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கவில்லை, என் வீட்டுக்காரர் தொடங்கிவிட்டார். "பொண்ணுக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. வயசும் நீங்க நினைக்கிறதுக்குக் கூட. கொழம்பு சுமாராத்தான் வைப்பா." பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணின் அண்ணன் இப்படியா அடுக்குவான்? ஆனால் அந்தத் தாய் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு காது கேக்கலன்னா நல்லதுதான தம்பி. மாமியா திட்டுனா பாதிதான் உள்ள போகும்!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். உபதேசியார் சிரித்தார். கதவுக்குப் பின்னால் நின்ற நாத்தனார் சிரித்த சிரிப்பு கூடத்துக்கே கேட்டது. அப்போதுதான் நான் நினைத்தேன், பரவாயில்லை, என் வீட்டுக்காரரின் வசனம் நல்லதுதான் செய்கிறது, மூடி மறைத்திருந்தால் இந்தச் சிரிப்பு கிடைத்திருக்குமா என்று.

சாப்பாடு முடிந்தது. பையன் வாசலில் வண்டி மாட்டைப் பூட்டினான். அந்த அம்மாள் எங்கள் வாசற்படியில் நின்று, மனம் நிறைந்து கும்பிட்டு, "அப்ப நாங்க போயிட்டு வாரோம்" என்றார்.

இவர் கும்பிட்டார். "போங்க" என்றார்.

அந்த அம்மாள் செத்த நேரம் நின்றார். மிச்சம் வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. "என்ன தம்பி?" என்று கேட்டார். இவர் மறுபடி, மரியாதையாக, தலையைக் குனிந்து, "போங்கம்மா" என்றார். நான் ஓடிவந்து "வாங்க, போயிட்டு வாங்க!" என்று கத்துவதற்குள் அந்த அம்மாள் திரும்பி வண்டியில் ஏறிவிட்டார். அந்த முகத்தை நான் பார்த்தேன். அடி வாங்கின முகம்.

"ஏன் இப்படிச் சொன்னீக?" என்று கேட்டேன்.

"அவுக இன்னும் சம்மதம்னு சொல்லலல்ல? திரும்ப வருவாகளோ வரமாட்டாகளோ. நான் வாங்கன்னு சொன்னா, சம்மதத்த நானா வாயில திணிச்ச மாதிரி ஆகாதா?" அவர் மனசறிய அதில் ஒரு துளி திமிர் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உபதேசியார் அடுத்த தடவை வரும்போது முகம் தொங்கிப்போய் வந்தார். "பொண்ணு மேல அவுகளுக்கு ஒரு குறையும் இல்ல. காதப் பத்தியும் பேச்சில்ல. வாசல்ல வச்சுப் போங்கன்னு சொன்ன வீட்டுக்கு நான் மறுபடி எப்படிக் காலெடுத்து வைக்கன்னு கேக்காக" என்றார். பிறகு தயங்கித் தயங்கி மற்றதையும் சொன்னார். அந்த அம்மாளின் புருஷன் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். கிளம்பின அன்றைக்கு வீட்டில் ஏதோ மனத்தாங்கல். வாசலில் நின்று "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அந்தச் சொல்லைத்தான் இத்தனை வருஷம் கழித்து எங்கள் வாசலில் அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். கான்சாபுரத்தில் வேறொரு பெண் இருக்கிறாள், அங்கே பேசலாமா என்று யோசிக்கிறார்களாம். பையன் தாய் சொல்லைத் தட்டமாட்டான்.

உபதேசியார் போன பிறகு நான் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. "ஒங்க உண்மைய ஒரு உறையில போட்டு நல்லாத் தச்சு வச்சுக்கங்க! அந்தப் பிள்ளைக்கு ஒரு வாழ்வு வந்துச்சு, அதுல மண்ணள்ளிப் போட்டாச்சு. வாங்கன்னு ஒரு சொல்லு, அதுக்கு வாய் வலிச்சுதா?" அவருக்கு வைத்த சோறு அப்படியே இருந்தது. தங்கை மேல் அவருக்கு உயிர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவர் கண் கலங்கியதைப் பார்த்தும் எனக்கு அன்றைக்கு இரக்கம் வரவில்லை, அவ்வளவு கோபம்.

நாத்தனார் எங்களை ஒன்றும் கேட்கவில்லை, அழவுமில்லை. அவள் குரல்தான் இறங்கிப்போனது. காலையில் வேதம் வாசித்தால் எனக்கே காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. "பாப்பாக்கு ஒடம்பு சரியில்லயா, சத்தமே காணோமே" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்கள். அவளை மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன். அவள் மெதுவாகப் பேசத் தொடங்கியதும் வீடு எனக்கு வீடாகவே இல்லை.

ராவுத்தருக்கும் விஷயம் எட்டியது. நான் கடைக்குச் சோறு கொண்டுபோன ஒரு மத்தியானம் இவரைப் பிடித்துவைத்து வாதாடிக்கொண்டிருந்தார். "ஏப்பா, நான் பேச்சுக்குப் பேச்சு 'அல்லா நாடினா'ன்னு சொல்லுதேன்ல. அதையாவது சேத்துக்கிட்டு வாரேன்னு சொல்லேன்!"

"அது எங்க வேதத்துலயும் இருக்கு மாமா. கர்த்தருக்குச் சித்தமானான்னு."

"பொறவு என்ன?"

நான் குறுக்கே விழுந்தேன். "நல்லாச் சொன்னீக மாமா! பொண்ணு பாக்க வந்தவுகட்ட 'கர்த்தருக்குச் சித்தமானா வாங்க'ன்னு சொல்லிருந்தா, வண்டிய அப்படியே எங்க மேல ஏத்திருப்பாக!"

ராவுத்தர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இந்தா பாரு தம்பி. வாரேன்னு சொல்லுதவன் எவனும் சத்தியம் பண்ணல. வரணும்னு ஆசைப்படுதான். வாங்கன்னு சொல்லுதவன் நீ வரணும்னு ஆசைப்படுதான். ஆசையில எங்கப்பா பொய்யி?"

இவர் கத்தரியைக் கீழே வைத்தார். "மனசுக்குப் படுது மாமா. ஆனா ஆண்டவர் அப்படிச் சொன்னதா எங்கயாவது இருக்கா? இருந்தாச் சொல்லிருவேன்" என்றார். ராவுத்தர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் அப்போது வரிசைப்படி நாலாவது சுவிசேஷத்தில் இருந்தோம். கர்த்தர் தம்முடைய சீஷர்களோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுகிற பகுதிக்கு ஒரு காலை வந்து சேர்ந்தோம். நான் வாசிப்பை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, பானையில் கம்பு இருக்கிறதா என்ற நினைப்பில் இருந்தேன். வாசித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். திரும்ப வாசித்தாள். நான் போவேன் என்றும் திரும்பி உங்களிடத்தில் வருவேன் என்றும் சொன்னேனே, கேட்டீர்களே என்று கர்த்தர் சொல்லுகிற இடம். மூன்றாம் தடவையும் வாசித்தாள். இந்தத் தடவை அவளுடைய பழைய குரல். பாத்திரமெல்லாம் அதிருகிற குரல்.

"வாசிச்சதையே ஏம்மா வாசிக்க?" என்றார் அவர்.

"எனக்கு ஒரு காதுதான அண்ணே. சரியாத்தான் கேட்டுச்சான்னு பாக்கேன்." புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். "ஆண்டவரும் போயிட்டு வாரேன்னுதான் அண்ணே சொல்லியிருக்காரு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்: "எங்க பாஷையிலயும் 'போயி வஸ்தானு'தாம்மா!"

அந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன். மறுநாள் தம்மைக் கொல்லப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பயந்துபோய் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, போகிறேன் என்று மட்டும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நம் வீட்டு வாசலில் நாம் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். என் வீட்டுக்காரரோ கடைவீதிக்குப் போய்வருவதற்குச் சாட்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் புத்தகத்தை வாங்கித் தானும் வாசித்தார். உதடு அசைய அசைய, விரல் வைத்து வாசித்தார். பிறகு எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "ராவுத்தர் மாமாகிட்ட வண்டி கேட்டுட்டு வாரேன்" என்றார். வாரேன்! தெரிந்து சொன்னாரோ, வாய் தவறி வந்ததோ. நான் முணுமுணுப்பதற்கு மிச்சம் ஒன்றுமில்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நானும் கூடவே போனேன். தனியாக விட்டால் இன்னும் என்னத்தையாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவைப்பாரே! மகாராஜபுரம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அந்த அம்மாள் வாசலில் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. ஆனாலும், "வாங்க" என்றார். நம் ஊரில் வாசலுக்கு வந்தவர்களை அந்தச் சொல் சொல்லாமல் யார் இருப்பார்கள்?

இவர் உட்காரவில்லை. "அம்மா, அன்னைக்கு நீங்க சொல்லிட்டுக் கிளம்புனப்ப நான் பாதிதான் சொன்னேன். மிச்சத்தச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

"என்ன மிச்சம்?"

"வாங்க" என்றார் அவர். "போயிட்டு வாங்கன்னு சொல்லிருக்கணும். எங்க ஆண்டவரே வாரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுச்சு. எங்க வீட்டுக்கு நீங்க வரணும்மா."

அந்த அம்மாள், "இந்த ஒத்தச் சொல்லுக்கா இம்புட்டுத் தூரம் வண்டி கட்டி வந்தீக?" என்று கேட்டார். கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கி, மிளகாய்க் கை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். நான்தான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"அவரு போறேன்னு சொன்னாரு" என்றார் என்னிடம் மெதுவாக. "நானாவது வாங்கன்னு சொல்லியிருக்கலாம்மா. கோவத்துல சொல்லாம விட்டுட்டேன்." நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பதில் சொல்ல எனக்கு எந்த வசனமும் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் அப்போது சொல்லியிருக்கமாட்டேன்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம். கான்சாபுரப் பேச்சு அதோடு நின்றது. கிளம்பும்போது இவர் "போயிட்டு வாரோம்மா" என்றார். "போயிட்டு வாங்க" என்று அந்த அம்மாள் வண்டி திரும்பும் வரை மூன்று நாலு தடவை சொன்னார்.

கல்யாணம் எங்கள் கோயிலில் நடந்தது. என் வீட்டுக்காரர் தன் கையால் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நாத்தனார் நின்றாள். ராவுத்தர் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து பந்தியை விசாரித்தார். தெலுங்குக்கார அம்மாளிடம் நான் உப்பு வாங்கினேன், அந்தப் பழைய வருத்தமும் அதோடு போயிற்று. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மகாராஜபுரத்துக்கு வண்டி கிளம்பியது. மாப்பிள்ளை கேட்காமலே பெண்ணுக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அதனால் அவளுடைய இடது பக்கம்தான் எங்களைப் பார்த்து இருந்தது.

"போயிட்டு வாம்மா" என்றார் இவர். குரலே எழும்பவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. அவள் திரும்பவில்லை.

"அந்தக் காதுல சொன்னா அவளுக்கு எப்படிக் கேக்கும்?" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டேன் என்றிருந்த மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாணக் கூட்டமும் கடைவீதியும் பார்க்க, வண்டிக்குப் பின்னால் ஓடினார். "போயிட்டு வாட்டி! ஏட்டி, போயிட்டு வா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். மாப்பிள்ளை அவள் கையைத் தொட்டுத் திரும்பச் சொன்னான். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"கேட்டுருச்சு அண்ணே! போயிட்டு வாரேன்!" என்றாள். தெருக்கோடி வரை கேட்டது.